கீற்று வீடுகள் நெருங்கிய தெருவில் தீத்தடுப்பு வேலையை எங்கிருந்து தொடங்குவது?

தாளடி (திருத்துறைப்பூண்டி பக்கம்)

வணக்கம். சென்ற மாசியில் எங்கள் தெருவில் ஒரு வைக்கோல் போர் தீப்பற்றியது. காற்று திரும்பிய வேகத்தில் அடுத்தடுத்து மூன்று கீற்று வீடுகள் எரிந்துபோயின. அறுவடை முடிந்த வயலில் தாளுக்கு (அறுத்தபின் நிற்கும் நெல் அடிக்கட்டைக்கு) வைத்த நெருப்பு வரப்பைத் தாண்டி வந்ததுதான் காரணம். மனித உயிர் போகவில்லை. ஆனால் கொட்டிலில் கட்டியிருந்த ஒரு கன்று, கயிற்றை அறுத்துவிட ஆளில்லாமல் வெந்துபோனது. எல்லாரும் குடத்தோடு ஓடினோம். வாய்க்கால் வறண்டு கிடந்தது. கம்பி அறுந்து விழுந்துவிடும் என்று மின்சாரத்தை நிறுத்தச் சொன்னோம். நிறுத்தியதும் ஆழ்குழாய் மோட்டாரும் நின்றுவிட்டது. தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் கூரைகள் தரையில் கிடந்தன.

இப்போது நாங்கள் பத்துப் பேர் சேர்ந்திருக்கிறோம். பதிவு பெற்ற சங்கம் இல்லை, கையில் பணமும் இல்லை. துண்டறிக்கை அடித்துக் கொடுத்தோம், படித்தவர்கள் குறைவு. வைக்கோல் போரை வீட்டைவிட்டு எட்டி வையுங்கள் என்று சொன்னால் மாடு வைத்திருப்பவர்கள் மனம் வருந்துகிறார்கள். அடுத்த கோடைக்குள் உருப்படியாக எதைச் செய்ய முடியும், எதை யாரிடம் கேட்டுப் பெற வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

அரசலாற்றுக்கரை (ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

தம்பி, அந்தக் கன்றைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். 2004ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று எங்கள் ஊர்ப் பள்ளியில் சமையற்கூடத்து நெருப்பு கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. அதே ஆண்டு ஜனவரியில்தான் திருவரங்கத்துத் திருமண மண்டபத்தில் கீற்றுப் பந்தல் எரிந்து, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தார்கள். கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரை கூடாது என்று ஆணை வந்தது. கூரைகள் அகற்றவும் பட்டன. ஆனால் அந்தப் பிள்ளைகள் மாலையில் திரும்பிப் போகிற வீட்டுக் கூரையைப் பற்றி அன்று அவ்வளவாக யாரும் பேசவில்லை என்பது என் நீண்ட நாள் வருத்தம்.

உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி மோட்டார் நின்றுபோனதுதான். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறக்கப்பட்டு ஜனவரி 28இல் மூடப்படுகிறது. சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் போர் போரடித்த சூட்டோடு நிற்பதும், கீற்று காய்ந்து சருகாவதும், வாய்க்காலில் தண்ணீர் இல்லாமல் போவதும் ஒரே காலத்தில் நிகழ்கின்றன. ஆகவே, மின்சாரம் இல்லாமலும் ஓடக்கூடிய ஓர் ஆயில் இன்ஜின், தெருவின் கடைசி வீடு வரை எட்டுகிற குழாய், கோடையிலும் வற்றாத ஒரு குளம் அல்லது தொட்டி, இம்மூன்றையும் முதலில் உறுதி செய்யுங்கள். இன்ஜினை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. யார் வீட்டில் இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கும், டீசல் எங்கே என்பது பத்துப் பேருக்கும் தெரிந்திருந்தால் போதும். எரிகிற கூரையை இழுத்துப் போடத் துறட்டியும், அண்டை வீட்டுக் கூரைமேல் விரிக்க ஈரச்சாக்கும் வேண்டும். எரிகிற வீட்டின்மீது தண்ணீரை இறைத்துத் தீர்ப்பதைவிட, எரியாத அடுத்த கூரையை நனைப்பதே தெருவைக் காப்பாற்றும். 101க்கு அழைப்பதை ஒருவரின் பொறுப்பாகவும், கால்நடைகளை அவிழ்த்துவிடுவதை இன்னொருவரின் பொறுப்பாகவும் இப்போதே வைத்துக்கொள்ளுங்கள்.

வெண்ணாறு (மன்னார்குடி, இப்போது கலிபோர்னியா)

நான் வாழும் பகுதியில் காட்டுத்தீ ஆண்டுதோறும் வரும் கவலை. 2018 நவம்பர் 8 அன்று பற்றிய தீயில் பாரடைஸ் என்ற ஊரே அழிந்து 85 பேர் இறந்தார்கள். அடுத்த எட்டாம் நாள் கஜா புயலில் என் அம்மாவின் தென்னந்தோப்பு சாய்ந்தது. அந்த இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்துத் தாங்கிய எனக்கு, விழுந்த மட்டைகள் காய்ந்து கிடந்ததைத் தொலைபேசியில் கேட்டபோது தோன்றிய பயம் இன்னும் போகவில்லை.

இங்கே வீடுகள் பெரும்பாலும் சுவர்போல வரும் தீயால் எரிவதில்லை. காற்றில் பறந்து வரும் பொறி, சுவரோரம் கிடக்கும் சருகில் விழுந்து புகைந்து எரிகிறது. அதனால் வீட்டைச் சுற்றி முதல் ஐந்து அடிக்குள் எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது என்பதைத் தன்னார்வலர்கள் முதலில் வலியுறுத்துகிறார்கள். கீற்று வீட்டில் கூரையே எரிபொருள் என்பதால் இது அப்படியே பொருந்தாதுதான். ஆனாலும் தாழ்வாரத்தில் சாய்த்த விறகு, இறவாணத்தில் செருகிய சருகு, அடுப்புக்கு மேல் தொங்கும் கீற்று நுனி ஆகியவற்றை அகற்றலாம். எங்கள் தெருவில் அறிவுரை சொல்லிப் பலனில்லை என்று தெரிந்த பிறகு, ஒரு சனிக்கிழமை வாரியும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு தனியாக வசிக்கும் முதியவர்களின் முற்றத்தை நாங்களே சுத்தம் செய்தோம். அடுத்த வாரம் மற்றவர்கள் தாமாக வந்தார்கள்.

பாமணியாறு

மேலே உள்ளவர்கள் சொன்னதில் தவறில்லை. ஆனால் மூன்று சென்ட் மனையில் வீடு, கொட்டில், போர் எல்லாம் இருக்கிறவரிடம் இடைவெளி விடு என்று சொல்வது அவர்மேல் குற்றம் சுமத்துவதாகிவிடும். நெருக்கம் அவர்கள் விரும்பி ஏற்றதன்று. எனவே இடத்தைக் கேளுங்கள். ஊர்ப் பொதுக்களத்திலோ புறம்போக்கிலோ காற்று தெருவைக் கடந்து போகிற பக்கத்தில் போர் போட ஓர் இடம் ஒதுக்கவும், குளத்தைத் தூர்வாரவும், தாழ்ந்த மின்கம்பிகளை உயர்த்தக் கோரவும் கிராம சபையில் எழுத்து வடிவில் தீர்மானம் கொண்டுவாருங்கள். மார்ச் 22, மே 1 ஆகிய இரண்டு கூட்டங்களும் கோடையை ஒட்டியே வருகின்றன. குடிசைகளை மாற்றிக் கான்கிரீட் வீடு தரும் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்துக்கு உங்கள் தெருவில் யார் விண்ணப்பிக்காமல் இருக்கிறார்கள் என்ற பட்டியலும் கையில் இருக்கட்டும். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944இல் பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களின் நினைவாகக் கடைப்பிடிக்கப்படுவது. அந்த வாரத்தில் நிலைய அலுவலரை அழைத்தால் தெருவிலேயே செயல்விளக்கம் கிடைக்கும்.

தாளுக்குத் தீ வைப்பவர்களிடம் சண்டை போடாதீர்கள். வைக்கோல் கட்டும் இயந்திரக்காரரை அறுவடை நாளிலேயே வரச்சொல்லிப் பேசி வைத்தால், விலை போகிற வைக்கோலை யாரும் எரிக்க மாட்டார்கள்.

தாளடி

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை எங்கள் தெருவில் ஒருவருடைய ஆயில் இன்ஜினைக் குளக்கரைக்குத் தூக்கிப்போய் ஓட்டிப் பார்த்தோம். தண்ணீர் நன்றாக வந்தது. ஆனால் குழாய் கடைசி நான்கு வீடுகளை எட்டவில்லை. நாற்பது அடி குறைகிறது. அதற்குத் தலைக்கு இவ்வளவு என்று போட்டு வாங்குவதாக முடிவாகியுள்ளது. போர் போடும் இடத்துக்கான மனுவில் மாடு வைத்திருக்கும் பெரியவரே முதல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.