சீரிஸ் 3 லேண்ட் ரோவர்: பின்பக்கக் குறுக்குச் சட்டம் துருப்பிடித்துவிட்டது, வெட்டி மாற்றுவதா தகடு ஒட்டுவதா?

தோட்டத்துப் பையன்:
சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். அப்பா செம்பனைத் தோட்டத்தில் உரம் ஏற்றிய வண்டி, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 88 இன்ச் உள்ள குட்டை மாடல். பாடி அலுமினியம், அதனால் வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் பின்னால் டோ பார் (இழுவைக் கொக்கி) மாட்டும் குறுக்குச் சட்டத்தைச் சுத்தியலால் தட்டினால் பொத்தென்று சத்தம், ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினால் நேராக உள்ளே போகிறது, துளையிலிருந்து செம்மண் கொட்டுகிறது. டவுன் பட்டறையில் மேலே தகடு வைத்து வெல்டிங்கில் ஒட்டினால் போதும் என்கிறார்கள். ஒட்டலாமா?

பழைய இரும்பு:
வேண்டாம் தம்பி. இந்த சேஸி, அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், நாலு பக்கமும் மூடிய பெட்டி, துரு உள்ளேயிருந்து வெளியே வருகிறது. சேறு வடிகால் துளையை அடைத்துவிட்டால் ஈரம் காயவே காயாது, அதோடு பொட்டாஷ் உரம், அது குளோரைடு உப்பு, இரும்பைச் சும்மா விடுமா? ஏற்கெனவே 2 மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் கனம். துருவின் மேல் வெல்டிங் வைத்தால் ஓட்டைதான் விழும்.

பளபளவென்று நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டிவிட்டு, சேஸியோடு சேர்க்க நீட்டுக் கைகளோடு வரும் புதுச் சட்டத்தைப் போடுங்கள். வெட்டும் முன் சேஸியின் மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்து எழுதி வையுங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள், ஆல்டர்னேட்டர் ஒயரையும்தான். வலது சீட்டுக்குக் கீழே இருக்கும் பெட்ரோல் டாங்கியைக் கண்டிப்பாக இறக்குங்கள், காலி டாங்கிதானே என்று விட்டால் உள்ளே ஆவி நிற்கும், வெடித்துவிடும். அப்புறம் முக்கியமானது, பின் விளக்கு ஒயர் சேஸிக்கு உள்ளேயே ஓடுகிறது. முனையில் கயிறு கட்டி முன்பக்கமாக இழுத்து வையுங்கள், வேலை முடிந்ததும் அந்தக் கயிற்றாலேயே திரும்ப இழுக்கலாம்.

தோட்டத்துப் பையன்:
ஒயர் விஷயம் பட்டறையில் யாரும் சொல்லவில்லை அண்ணே. 5 மில்லி தகட்டில் நாமே ஒரு சட்டம் செய்தால் இன்னும் பலமாக இருக்காதா?

பழைய இரும்பு:
மெல்லிய இரும்போடு கனமான இரும்பைச் சேர்த்தால் ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே விரிசல் விடும். 3 மில்லிக்கு மேல் போகாதீர்கள். ஒரே பக்கம் நீளமாக வெல்டிங் ஓட்டினால் சேஸி கோணிவிடும், பக்கம் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டச் சொல்லுங்கள். புதுச் சட்டம் துத்தநாகம் பூசியதா? ஒட்டும் இடத்தில் அதைத் தேய்த்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வெல்டிங் சூட்டில் புகையும், அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் ராத்திரி காய்ச்சல் வரும்.

மலைப்பாதை:
ஒன்று சேர்க்கிறேன். சேஸி நம்பர் முன்னால் வலது ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் குத்தியிருக்கும். அந்தப் பக்கம் கிரைண்டரே போகக்கூடாது, வண்டிச் சோதனை செய்யும் புஸ்பாகோமில் அதைத் தேடுவார்கள். பின்சட்டம் மாற்றுவது ரிப்பேர், முழு சேஸியையே மாற்றினால் ஜேபிஜேவுக்கு (சாலைப் போக்குவரத்துத் துறை) போக வேண்டும். டவுனில் ஆள் சரியில்லை என்றால் கேமரன் மலையில் கேளுங்கள், அங்கே காய்கறி ஏற்றும் பழைய லேண்ட் ரோவர்கள் இன்னும் ஓடுகின்றன, இந்த வேலை தெரிந்த வெல்டர் கிடைப்பார்.

தோட்டத்துப் பையன்:
சரிங்க, வெட்டியே மாற்றுகிறேன். உள்ளே பெயிண்ட் எப்படி அடிப்பது?

பழைய இரும்பு:
பெயிண்ட் உள்ளே எட்டாது. சூடு ஆறிய பிறகு நீளக் குழாயில் மெழுகு ஸ்ப்ரே அடியுங்கள், ஒயரை அதற்கு அப்புறம் இழுங்கள். வடிகால் துளையை மட்டும் மூடிவிடாதீர்கள்.