பழைய வேன் பின் பிரேக் செட்டிங், ஹேண்ட்பிரேக் பிடிக்கல, தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம் அண்ணன்மார்களே, நான் மலேசியா சுங்கை சிப்புட். அப்பாவோட பழைய வேன், பின்னாடி ரெண்டும் டிரம் பிரேக், காய்கறி ஏத்திக்கிட்டு எஸ்டேட் உள்ள போய் விக்கிறோம், லயன் வீடுங்க பக்கம் எல்லாம் மேடு, ஹேண்ட்பிரேக்க மேல வரைக்கும் இழுத்தாலும் வண்டி மெதுவா பின்னால நகருது. பிள்ளைங்க சுத்தி நிப்பாங்க, அதான் ரொம்ப பயம். இப்போதைக்கு டயருக்கு கல்லு வைக்கிறோம்.

டிரம் கழட்டியாச்சு. இடது பக்கம் வீல் பம்பு (ஷூவ தள்ளுற சின்ன சிலிண்டர்) ஒழுகி ஷூ (டிரம்ம உள்ளருந்து அழுத்திப் பிடிக்கிறது) முழுக்க பிரேக் எண்ணெய், அந்த ஷூவ கழுவி திரும்ப போடக்கூடாது, ரெண்டு பக்கத்துக்கும் பம்பு, ஷூ புதுசு வாங்கிட்டேன், ஒரு பக்கம் மட்டும் மாத்தினா பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கமா இழுக்கும்.

ஹேண்ட்பிரேக் கேபிள லூஸ் பண்ணிட்டு முதல்ல ஸ்டார் வீல்ல (ஷூவ விரிக்கிற, சுருக்குற பல்லு சக்கரம்) ஷூவ செட் பண்ணி, டிரம் லேசா உரசுற அளவு வச்சி, அப்புறம்தான் கேபிள் டைட் பண்ணணும், அது தெரியும். பிரச்சனை என்னன்னா இடது பக்கம் அட்ஜஸ்டர் லீவர் (ஸ்டார் வீல தானா திருப்புற தகடு) தள்ளுற திசைல ஸ்டார் வீல் திரும்பினா ஷூ விரியாம சுருங்குது. முன்ன வேலை செஞ்சவங்க இடது வலது மாத்தி போட்டிருப்பாங்களா? ரெண்டு பக்க ஸ்டார் வீலுக்கும் மரை எதிரெதிர்தானே, எது எந்தப் பக்கம்னு எப்படி பாக்கிறது? கேபிளும் இழுத்தா திரும்பி வர மாட்டேங்குது, எண்ணெய் விட்டா சரியாகுமா இல்ல மாத்தியே ஆகணுமா? ஈப்போ பக்கம் பழைய வேன் சாமான் கிடைக்கிற கடை தெரிஞ்சா சொல்லுங்கண்ணே.