காப்பக அங்கீகாரக் கோப்பு கேட்டால் 'கைவசம் இல்லை': உங்களுக்கு வந்த பதில் என்ன?

நாடாமுடிச்சு:
"கேட்ட தகவல் கைவசம் இல்லை." ஒரே வரி. இங்கிலாந்தில் ஒரு கவுன்டி கவுன்சில் (மாவட்ட அளவிலான உள்ளாட்சி), தகவல் சட்டம் தரும் கெடுவின் கடைசி நாளான 20ஆம் வேலைநாள் சாயங்காலம் அனுப்பிய பதில் இது. கேட்டது, அவர்களுடைய ஆவணக் காப்பகத்தின் 'அங்கீகார ஆய்வு அறிக்கை'. அங்கீகாரம் பெற்ற காப்பகம் என்று இணையதளத்தில் முத்திரை இருக்கிறது, கோப்பு மட்டும் இல்லையாம்.

பொய்யும் சொல்லவில்லை, அதுதான் உறுத்துகிறது. அந்தப் பெயரில் ஒரு தாளும் கிடையாது. 2013இல் வந்த இந்த அங்கீகார முறையில் இருப்பவை வேறு: காப்பகம் நிரப்பிய விண்ணப்பப் படிவம் (நிர்வாகம், சேகரிப்பு, பயனாளர் என்று மூன்று பகுதி), அதோடு போன கொள்கைத் தாள்கள், மதிப்பீட்டாளரின் குறிப்பு, வேறொரு காப்பகத்துக்காரர் எழுதிய கருத்து, கடைசியில் குழுவின் முடிவுக் கடிதம். விஷயமே அந்தக் கடிதத்தில்தான். 'ரிக்வயர்டு ஆக்‌ஷன்ஸ்' என்று வரும், செய்தே தீரவேண்டியவை. அங்கீகாரம் ஆறு வருஷம், மூன்றாம் வருஷம் ஒரு மறுபார்வை. பழைய குறைக்கு என்ன செய்தார்கள் என்பது அந்த மறுபார்வைத் தாளில் கிடைக்கும்.

கேட்டவருக்கு உதவவேண்டும் என்று 2000ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. 'நீங்கள் முடிவுக் கடிதத்தைச் சொல்கிறீர்களா?' என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம்.

வெள்ளிமீன்:
கடிதமெல்லாம் பூசி மெழுகின பாஷை. உண்மை லாகர் ஷீட்டில் இருக்கு, அறையின் ஈரப்பதத்தை அளந்து பதியும் கருவியோட பதிவு. இன்னொரு கவுன்சில் எக்செல் கோப்பாகவே கொடுத்தது, ஆவணங்களைப் பூட்டிவைக்கும் ஸ்ட்ராங்ரூம் ஒன்றுக்கு மணிக்கொரு அளவு, வருஷத்துக்கு 8,760 வரிசை. ஜனவரியில் ஒரு வாரம் முழுக்க ஈரப்பதம் 38 சதவீதம். 45க்குக் கீழே போகக்கூடாது என்பது தரம். இப்படிப்பட்ட இடத்துக்கு அங்கீகாரம் கொடுத்த குழு எதைப் பார்த்தது?

அடிக்குறிப்பு:
வெள்ளிமீன், 38ஐ வைத்துப் புகார் எழுதிவிடாதீர்கள். மூக்குடைபடும்.

நீங்கள் சொல்லும் 45 முதல் 60 வரை என்பது காப்பக அறைகளுக்கான பிரிட்டிஷ் தரம் பிஎஸ் 5454, 2000ஆம் ஆண்டுப் பதிப்பு. 2012இல் வந்த பிடி 5454 அதை 35 முதல் 60 என்று தளர்த்தியது. அதுவும் இப்போது நடப்பில் இல்லை. பிஎஸ் 4971 (2017), பிஎஸ் இஎன் 16893 (2018) இரண்டும்தான் இன்றைக்குப் பேச்சு. 38 தாராளமாக உள்ளே நிற்கிறது.

ஜனவரியில் இறங்குவதற்கும் காரணம் உண்டு. வெளியே உறைகிற காற்றில் நீர் குறைவு. அதையே உள்ளே இழுத்துச் சூடாக்கினால் ஈரப்பத சதவீதம் சரியும். ஹீட்டரைக் கொஞ்சம் குறைத்தாலே ஏறிவிடும். ஷீட்டில் பார்க்க வேண்டியது வேறு மூன்று. 65க்கு மேல் நாள்கணக்கில் நிற்கிறதா? நின்றால் பூஞ்சை. ஒரே நாளில் கிடுகிடுவென ஏறி இறங்குகிறதா? தோல்தாள் அதைத் தாங்காது, சுருங்கி விரிந்து மை உதிரும். வரிசைகள் நடுவில் காணாமல் போகின்றனவா? லாகர் பேட்டரி தீர்ந்து மூன்று மாதம் யாருமே பார்க்கவில்லை என்றால், எந்த எண்ணையும் விட அதுதான் மோசமான செய்தி. திடீரென்று ஒற்றை உச்சம் மட்டும் தெரிந்தால் பதறவேண்டாம், அளவு சரிபார்க்க லாகரை அலுவலக அறைக்குக் கொண்டுபோயிருப்பார்கள்.

ஷீட்டோடு கூட 'அலாரம் வந்தால் என்ன செய்வீர்கள்' என்ற நடைமுறைத் தாளையும் கேளுங்கள். அது இல்லாமல் வெறும் எண் எதற்கும் உதவாது.

பெட்டி எண் 12:
எல்லோரும் தகவல் சட்டத்தையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். காப்பகம் பற்றிக் கவுன்சில் கமிட்டிக்குப் போன அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தீர்களா? 'பின்னணித் தாள்கள்' என்ற சின்னத் தலைப்பின் கீழ் 'அங்கீகாரக் குழுவின் கடிதம்' என்று ஒரு வரி. அந்த ஒரு வரி போதும்.

1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம், 100டி பிரிவு. கமிட்டி அறிக்கை எந்தத் தாள்களை முக்கியமாக நம்பி எழுதப்பட்டதோ அவற்றைப் பட்டியலிட வேண்டும், கூட்டம் நடந்த நாளிலிருந்து நான்கு வருஷம் பார்வைக்கு வைக்க வேண்டும். கூட்டக் குறிப்புகள் ஆறு வருஷம். 20 நாள் காத்திருப்பு இல்லை. பின்னணித் தாளைப் பார்க்க நியாயமான சிறு கட்டணம் கேட்கலாம், அவ்வளவுதான். பல கவுன்சில்கள் சேர்ந்த கூட்டுக் கமிட்டியில் நடக்கும் காப்பகமென்றால் எந்தக் கவுன்சில் செயலகம் பார்க்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் அங்குமிங்கும் அலையவிடுவார்கள்.

ஆள்குறைப்பு சம்பந்தப்பட்ட பகுதி மூடிய அமர்வுக்குப் போயிருக்கும். அந்தத் தாள் இதில் கிடைக்காது.

கறுப்புமை:
என் பார்வையில் இருந்து அகலாத பக்கம் இது: முடிவுக் கடிதத்தின் இரண்டாம் பக்கம், தலைப்பு மட்டும் வெள்ளை, கீழே 22 வரி கறுப்பு. ஓரத்தில் '43' என்று ஒரு எண். வணிக நலனாம்! நூறு வருஷத்துச் சர்ச் பதிவேட்டைப் பாதுகாக்கும் அறைக்கு எந்தப் போட்டியாளர் வந்து நிற்கிறார்?

அந்த எண், மறைப்பதற்குக் காட்டும் தகவல் சட்டப் பிரிவு. எந்தப் பிரிவுக்கு என்ன பதில் என்று சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்காவிட்டாலும்.

40 என்றால் தனிநபர் விவரம். சக மதிப்பீட்டாளர் பெயரை மறைத்தால் சண்டை போடாதீர்கள், நியாயம்தான். 31 (குற்றத்தடுப்பு) அல்லது 38 (உடல்நலம், பாதுகாப்பு) போட்டு அலாரம், பூட்டு, அறை வரைபடத்தை மறைத்தாலும் விட்டுவிடுங்கள். 43 என்றால் யாருடைய வணிகம், என்ன பாதிப்பு, பொதுநலத்தை எப்படி எடைபோட்டார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். 41 என்றால் நம்பிக்கையில் பெற்ற தகவல்; வெளியிலிருந்து வந்த தகவலுக்கு மட்டுமே செல்லும். குழுவின் கடிதத்துக்கு அதை நீட்டிப் பார்ப்பார்கள், ஆனால் காப்பகம் தானே எழுதிய விண்ணப்பத்துக்குக் கவுன்சில் 41 போட்டால் அடிப்படையே தப்பு. 36 தந்திரமானது. 'வெளிப்படையாகக் கருத்துச் சொல்ல முடியாமல் போகும்' என்பார்கள். அதற்குத் தகுதியுள்ள அலுவலரின் கருத்து வேண்டும். கவுன்சிலில் பெரும்பாலும் மானிட்டரிங் ஆபீசர், எல்லாம் சட்டப்படி நடக்கிறதா என்று பார்ப்பவர். அந்தக் கருத்து எந்தத் தேதியில், எந்தத் தாளைக் காட்டிப் பெறப்பட்டது என்று கேளுங்கள். மறுப்புக் கடிதம் போன பிறகு போட்ட தேதியாக இருந்தால் அதைச் சுட்டிக்காட்டுங்கள்.

பதில் வந்த 40 வேலைநாளுக்குள் கவுன்சிலிடமே உள்மறுபரிசீலனை கேட்டுவிடுங்கள். அப்புறம் தகவல் ஆணையர். அவர் முடிவும் எதிராக வந்தால் 28 நாளுக்குள் தீர்ப்பாயம்.

நாள் கணக்கில் ஒரு வேடிக்கை: ஐக்கிய ராஜ்ஜியத்தின் எந்த மூலையில் வங்கி விடுமுறை என்றாலும் அது வேலைநாள் இல்லை. வட அயர்லாந்தின் ஜூலை 12ஐயும் கென்ட் கவுன்சில் கழித்துக்கொள்ளலாம். கடிதம் கிடைத்த மறுநாள்தான் முதல் நாள்.

வெள்ளிமீன்:
அடிக்குறிப்பு சொன்ன 35 சரி, ஒத்துக்கிறேன். ஆனா 'எண் எதற்கும் உதவாது' என்பதை ஏற்கமாட்டேன். நடைமுறைத் தாள் அழகாத்தான் இருக்கும், எழுதி அலமாரியில் வெச்சது. எண்தான் காட்டிக்கொடுக்கும். அந்த ஷீட்டிலேயே ஆகஸ்டில் 11 நாள் வரிசையே இல்லை. அதை முதலில் கவனிக்காதது என் தப்பு.

கறுப்புமை ஒன்றை விட்டுட்டார்: இந்த அங்கீகார வேலையைப் பார்க்கிற, லண்டன் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்திடமும் அதே தாள்கள் இருக்கும். இரண்டு இடத்திலும் கேட்டு, பக்கத்தைப் பக்கத்தோடு வெச்சுப் பாருங்க. இவங்க கறுத்த வரியை அவங்க விட்டிருப்பாங்க.

வடக்குவாசல்:
ஸ்கொட்லாந்து ஆக்களுக்கு மேலே சொன்ன பிரிவு எண் ஒன்றும் பொருந்தாது. அங்கே 2002ஆம் ஆண்டுச் சட்டம், வேறை ஆணையர். வேல்ஸில் உள்ள கவுன்சிலுக்கு 2000ஆம் ஆண்டுச் சட்டமேதான்.

பெயர் விசயம் ஒன்று. விண்ணப்பத்திலை உண்மைப் பெயர் இருக்கோணும், புனைபெயர் செல்லாது. முதலெழுத்தும் பெயரும் போதும். எங்கட வழக்கப்படி தகப்பன் பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயருமாக எழுதினால் அவையளுக்கு அது அளவெடுத்துத் தைச்ச மாதிரி.

இதிலை எங்களுக்கு என்ன என்று நினைக்கிறவை, 1831 முதல் 1837 வரை இலங்கை ஆளுநராய் இருந்த வில்மட் ஹோர்ட்டனின்ரை தாள்கள் எங்கை இருக்கெண்டு பாருங்கோ. டெர்பிஷயர் கவுன்டி காப்பகத்திலை, தொகுப்பு எண் டி3155. அப்படி எத்தனையோ பெட்டி இந்தக் கவுன்டி அறைகளுக்குள்ளைதான்.

நாடாமுடிச்சு:
திருத்திய விண்ணப்பம், தேவைப்படுவோர் ஆங்கிலத்தில் இதே வரிசையில் எழுதிக்கொள்ளலாம்:

அ) கடைசியாகச் சமர்ப்பித்த அங்கீகார விண்ணப்பப் படிவம், இணைப்புகளோடு. ஆ) அதற்குக் குழு அனுப்பிய முடிவுக் கடிதம், எந்தப் பெயரில் இருந்தாலும். இ) மூன்றாம் வருஷ மறுபார்வையில் காப்பகம் அனுப்பிய பதில். ஈ) செய்தே தீரவேண்டியவற்றின் இன்றைய நிலை பற்றிய கடைசித் தாள். மின்வடிவில்.

லாகர் ஷீட்டை இதில் சேர்க்கவில்லை. கவுன்சிலுக்குச் செலவு வரம்பு 450 பவுண்டு, மணிக்கு 25 வீதம் 18 மணிநேரம். ஆறு வருஷ ஷீட்டைத் தேடியெடுக்கவே அது போய்விடும், பிறகு மொத்தத்தையும், செலவைக் காட்டி மறுக்க விடும் 12ஆம் பிரிவில் தள்ளுவார்கள். கறுப்பு அடிக்கும் நேரத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது, சேர்த்திருந்தால் சுட்டிக்காட்டுங்கள். ஒரே விஷயத்தை இரண்டாகப் பிரித்து அனுப்பினாலும் 60 வேலைநாளுக்குள் என்றால் கவுன்சில் இரண்டின் செலவையும் கூட்டிவிடலாம். ஆகவே ஷீட்டுக்குத் தனிக் கடிதம், 61ஆம் வேலைநாளில், ஒரு அறை, ஒரு வருஷம்.