தனி உறுப்புப் பாலங்கள் காந்த ஒழுங்கை உயர்த்துவது எப்படி?

கேள்வி: கரிமப் பாலங்களால் இணைந்த உலோகச் சேர்மங்கள் பெரும்பாலும் மிகத் தாழ்ந்த வெப்பநிலையில்தான் காந்த ஒழுங்கை (அணுக்களின் நுண்காந்தங்கள் ஒழுங்காக அணிவகுக்கும் நிலையை) அடைகின்றன. பாலமே தனி உறுப்பாக (இணையற்ற எலக்ட்ரான் கொண்ட மூலக்கூறாக) இருந்தால் நிலைமை மாறுவது ஏன்?

மறுமொழி: காந்தத்தன்மையற்ற பாலத்தின் வழியே உலோக அயனிகளின் இடைவினை மெலிந்துவிடுகிறது, தனி உறுப்பிலோ இணையற்ற எலக்ட்ரான் பாலத்திலேயே இருப்பதால், அது உலோகத்தின் தற்சுழற்சியோடு (எலக்ட்ரான்களை நுண்காந்தங்களாக்கும் பண்போடு) நேரடியாகப் பிணைகிறது. 1991இல் அறிவிக்கப்பட்ட வனேடியம்–டெட்ராசயனோஎத்திலீன் சேர்மம் (இதில் டெட்ராசயனோஎத்திலீனே தனி உறுப்புப் பாலம்) அறை வெப்பநிலையிலேயே காந்தமாக இருந்தது.

மறுமொழி: அதில் தற்சுழற்சிகள் எதிரெதிராகவே அமைகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வனேடியத்தின் 3/2ஐ இரு தனி உறுப்புகளின் 1/2கள் முழுதும் ஈடுசெய்யாததால் 1/2 எஞ்சுகிறது; ஆகவே அது ஃபெர்ரிகாந்தம். காற்றுப்பட்டால் கெட்டுவிடும் என்பதுதான் தொல்லை.

மறுமொழி: பைரசீன் என்ற கரிம மூலக்கூறு பாலமாக அமைந்த குரோமியம்–பைரசீன் இன்னும் தெளிவான சான்று. அதன் குளோரைடு சேர்மம் ஏறத்தாழ 55 கெல்வினில்தான் ஒழுங்குறும்; 2020இல் வெளியான ஆய்வில், பைரசீனை லித்தியத்தால் ஒடுக்கி, அதாவது எலக்ட்ரான் ஏற்றி, தனி உறுப்பாக்கியதும் அவ்வெப்பநிலை சுமார் 515 கெல்வினாக உயர்ந்தது.