ஜிம்னி: மலைப்பாதைக்கு மேனுவலா, ஆட்டோவா?

எஸ்டேட்காரன்:
கோத்தகிரிக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர் கல் பாதை. மழை பெய்தால் அதுவே ஓடை. பழைய ஜீப்பைக் கொடுத்துவிட்டு நான்கு சக்கரமும் இழுக்கும் மாருதி ஜிம்னி எடுக்கலாம் என்றிருக்கிறேன். 5 கியர் மேனுவலா, 4 கியர் ஆட்டோவா என்று வீட்டில் சண்டை. மகன் ஆட்டோ கட்சி. எனக்கு மேனுவல் பழகிய கை. ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.

முதல்கியர்:
மேனுவல்தான் அண்ணே, யோசிக்கவே வேண்டாம். கியர் விகிதங்களைப் பாருங்கள்: முதல் கியர் 4.425, 4எல் (நான்கு சக்கர இழுவையின் மெதுவான கியர்) 2.002, ஆக்ஸில் 4.09. மூன்றையும் பெருக்கினால் 36. சக்கரம் ஒரு சுற்று வர எஞ்சின் 36 சுற்று சுற்றும். ஆட்டோவில் 2.875, 2.002, 4.3. பெருக்கினால் 25கூட வராது. ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல்) நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்துக்கொண்டால் மேனுவல் மணிக்கு 3 கிலோமீட்டருக்குள் ஊரும். கல்மேல் சக்கரத்தை நிதானமாக ஏற்றி வைக்க அந்த வேகம்தான் வேண்டும்.

ரெண்டுபெடல்:
பாதிக் கணக்குதான் போட்டிருக்கிறீர்கள். ஆட்டோவில் கிளட்ச்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே இழுவையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் எங்கே போச்சு? நிற்கிற வண்டியைக் கிளப்பும்போது அது எஞ்சின் இழுவையை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கும். அந்த இடத்தில் உங்கள் 36ஐத் தாண்டிவிடும். அப்புறம், ஏற்றத்தில் பாதியில் நின்று கிளம்ப அரை கிளட்ச் பிடிக்க வேண்டியதில்லை. போன வருஷம் வால்பாறைப் பக்கம் நண்பனின் மேனுவல் வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டது. 4எல் போடாமல், வேகமான 4எச்சிலேயே ரிவர்ஸ் போட்டுப் போட்டு எடுத்தோம். கிளட்ச் கருகிய நாற்றம் பொள்ளாச்சி வந்தும் போகவில்லை.

முதல்கியர்:
4எல் லீவரைத் தொடவே இல்லை, கிளட்ச் மேல் பழியா? நல்லா இருக்கு நியாயம்.

ரெண்டுபெடல்:
தப்பு எங்களுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் தோட்டத்து வண்டியை அண்ணன் மட்டுமா ஓட்டப் போகிறார்? மகன், மேஸ்திரி, அவசரத்துக்கு யாரோ ஒருவர். எல்லாருக்கும் கிளட்ச் பாடம் எடுக்க முடியுமா?

மலைஜீப்:
இரண்டு பேரும் ஏறுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். பயமே இறங்கும்போதுதான். எஞ்சின் சக்கரத்தைத் தள்ளும்போதுதான் கன்வெர்ட்டர் இழுவையைப் பெருக்கும். இறக்கத்தில் சக்கரம் எஞ்சினைத் தள்ளுகிறது, அங்கே அந்த உதவி கிடையாது. கையில் மிஞ்சுவது அந்த 25 மட்டும். கொழுக்குமலையிலிருந்து சூரியநெல்லிக்கு ஜீப்பில் இறங்கியபோது ஓட்டுநரின் வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். பாதி நேரம் அது பெடலில் இல்லை, தரையில் கிடந்தது. முதல் கியர்தான் முனகி முனகி வண்டியைப் பிடித்து வைத்திருந்தது.

ரெண்டுபெடல்:
அதற்குத்தான் இறக்கத்தில் வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் ஹில் டிசென்ட் கன்ட்ரோல் இருக்கிறதே?

மலைஜீப்:
அது பிரேக்கை அமுக்கித்தான் பிடிக்கிறது. குட்டை இறக்கத்துக்குச் சரி. தினமும் மூன்று கிலோமீட்டர் என்றால் முன்பக்க டிஸ்க் சூடேறும். ஆட்டோதான் என்று முடிவானால் 4எல் போட்டு, கியர் லீவரையும் 'எல்'லில் (தாழ்ந்த கியர்) வைத்து இறங்குங்கள். வழக்கமாக ஓட்டும் 'டி'யில் விட்டுவிட்டு பிரேக்கை நம்பாதீர்கள்.

ரெண்டுபெடல்:
சரி, இறக்கத்தில் மேனுவலுக்கு ஒரு படி மேல், விட்டுத் தருகிறேன். தார் ரோட்டுக்கு வாருங்கள். மேனுவலின் ஐந்தாவது கியரே 1.000தான், ஓவர்டிரைவ் (1க்குக் கீழான கியர்) கிடையாது. 100 கிலோமீட்டர் வேகத்துக்குக் கணக்குப் போட்டால் எஞ்சின் 3,100 சுற்றுக்கு மேல் கத்தும். ஆட்டோவில் நாலாவது 0.697. அதே வேகத்துக்கு 2,300 போதும். மேட்டுப்பாளையம் தாண்டியதும் காதுக்கே வித்தியாசம் தெரியும்.

எஸ்டேட்காரன்:
இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். 235/75 ஆர்15 டயர் போட ஆசை. கியரைப் பாதிக்குமா?

முதல்கியர்:
பாதிக்கும். கம்பெனி டயர் 195/80, விட்டம் 693 மி.மீ. நீங்கள் கேட்பது 733. கிட்டத்தட்ட 6 சதவீதம் பெரிசு. 36 இருந்த இடத்தில் 34தான் நிற்கும், ஆட்டோ 23க்கு வந்துவிடும். ஆக்ஸில் கியரையும் மாற்றுவதாக இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் 215/75. பத்து மி.மீ.தான் கூடும், வண்டிக்கே தெரியாது. பார்க்கவும் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும், அதுதானே வேண்டும்?

எஸ்டேட்காரன்:
அதுவும்தான்! மகனிடம் இதையெல்லாம் காட்டினேன். "வாரத்தில் ஆறு நாள் கோயம்புத்தூருக்கு ஓட்டப் போவது யார்?" என்கிறான். டெஸ்ட் டிரைவுக்கு ஆட்டோவைத் தோட்டத்துக்கே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். மேலிருந்து கீழே 'எல்'லில் இறக்கிப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.