பிரதேச சபையிடம் இருப்பது ஒரே ஒரு பெக்கோ (மண் அள்ளும் இயந்திரம்), அதுவும் ஓடவில்லை. வீதி வேலையை எங்கிருந்து தொடங்குவது?

மலைநாட்டான் (வெள்ளவத்தை):

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வேலை கொழும்பில், வீடு பதுளை மாவட்டத்தில். சபையின் பெயர் வேண்டாம். என் மச்சான் 2025 மே மாதத் தேர்தலில் அந்தப் பிரதேச சபைக்குத் தெரிவானவர். பதவியேற்று ஆறு மாதம்கூட முழுதாக ஆகவில்லை, நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மலையை உலுக்கிவிட்டுப் போய்விட்டது. அதற்கு முன் 2023 மார்ச்சிலிருந்து சபைக்கு உறுப்பினர்களே இல்லை, செயலாளர்தான் எல்லாவற்றையும் பார்த்தார்.

பெரிய வீதிகளில் மண்ணை அள்ளிவிட்டார்கள். எங்கள் ஊருக்கு ஏறும் சின்ன வீதிகளில்தான் பிரச்சினை. சபையிடம் பழுதான பெக்கோ ஒன்று, ட்ராக்டர் ஒன்று, ஓய்வு பெறப்போகும் ஓட்டுநர் ஒருவர். கொந்தராத்துக்காரர் வந்தார், மண்ணைத் தள்ளினார், பில்லைக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த மழையில் அதே வளைவு திரும்பவும் சரிந்தது. இப்போது சபையில் ஒரு பக்கம் கடன் வாங்கிப் புது பெக்கோவும் வீதியை மட்டப்படுத்தும் கிரேடரும் எடுக்கலாம் என்கிறார்கள், மறுபக்கம் எல்லாவற்றையும் டெண்டருக்கே விடலாம் என்கிறார்கள். மச்சான் என்னிடம் கேட்கிறார், எனக்கோ கணக்கியல் மட்டும்தான் தெரியும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், எதை முதலில் செய்ய வேண்டும்?

பழைய டீஓ (தெஹிவளை):

தம்பி, உள்ளூராட்சியில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக (டீஓ) முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். இயந்திரப் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் சபையின் வீதிப் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். பல சபைகளில் அது பல வருடமாகத் திருத்தப்படாமல் அலுமாரியில் கிடக்கும். ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை, சி, டி வகுப்பு மாகாணத்துடையவை, மற்றதில் பெரும்பகுதி சபையின் தலையில். எந்த வீதி யாருடையது என்று எழுத்தில் இல்லாவிட்டால் நிவாரணப் பணம் வரும்போது அந்த வீதி பட்டியலிலேயே ஏறாது.

உங்கள் பக்கம் தேயிலைத் தோட்ட வீதிகளும் இருக்கும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் தோட்டக் குடியிருப்புக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க விடவில்லை. 33ஆம் பிரிவைத் திருத்தி அந்தத் தடையை நீக்கியது 2018இல்தான். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போகிற பாதையில் ஒரு கல் போடக்கூட வழியில்லாமல் எத்தனை மனுக்களைத் திருப்பி அனுப்பினேன் என்பது இன்னும் மனதில் உறுத்துகிறது. சட்டம் மாறியும், தோட்டப் பாதைகள் பதிவேட்டில் ஏறியிருக்கின்றனவா என்று மச்சானைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் வீதியை நடந்தே பாருங்கள், வாகனத்தில் போனால் ஒன்றும் தெரியாது. வீதிக்கு அடியால் தண்ணீர் போகும் ஒவ்வொரு மதகையும் கையடக்கத் தொலைபேசியில் படம் எடுத்து, இடம், குழாயின் விட்டம், நீர் வெளியேறும் வாய் எங்கே விழுகிறது என்று குறியுங்கள். மலை வீதியை உடைப்பது தண்ணீர். மேல்பக்கக் கான், அதாவது வடிகால், அடைபட்டால் தண்ணீர் வீதியைத் தாண்டிக் கீழ்ச்சரிவில் கொட்டும், அடியில் மண் கரையும், ஒரு இரவில் பாதி வீதி பள்ளத்தில் கிடக்கும். நீங்கள் சொல்லும் வளைவில் மண்ணை மட்டும் தள்ளிவிட்டுக் கானைத் தொடாமல் விட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். சின்னக் குழாய் இருந்தால் இலையும் கல்லும் வந்து ஒரே மழையில் அடைக்கும், மாற்றும்போது ஆள் குனிந்து கையால் துப்புரவு செய்யக்கூடிய அளவில் போடுங்கள்.

கோபி (கொட்டாஞ்சேனை):

நான் கட்டட ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் அளவையாளராக இருக்கிறேன், அதனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஐயா சொன்ன பதிவேடு சரி. ஆனால் பதிவேடு மண்ணை அள்ளாது. சின்னச் சபைக்குக் கிரேடர் வாங்குவது ஆபத்து, வருடத்தில் பாதி நாள் சும்மா நிற்கும், ஒரு ஹைட்ரோலிக் பம்ப் போனால் உதிரிப்பாகத்துக்கே பட்ஜெட் போய்விடும்.

எங்கள் தொழிலில் நடப்பதை வெளிப்படையாகச் சொல்கிறேன். அனர்த்தம் நடந்த பிறகு இயந்திரம் தேடினால் மணித்தியால வாடகை ஏறிவிடும், எல்லாப் பெக்கோவும் பெரிய வீதிக்குப் போய்விடும். வறண்ட மாதத்திலேயே விலை கேட்டு, அந்தப் பிரதேசத்தில் இயந்திரம் வைத்திருப்பவர்களோடு வாடகை ஒப்பந்தம் எழுதி வையுங்கள். எரிபொருள் யாருடையது, ஓட்டுநர் யார், மணிக்கணக்கை யார் கையெழுத்திடுவது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கையெழுத்திடும் ஆள் சபையின் ஆளாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் எழுதுவதுதான் கணக்கு.

கடல்தாண்டியவன்:

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஒரு கிராமப்புறச் சபையில் சில வருடம் வீதிப் பிரிவில் இருந்துவிட்டு இப்போது கொழும்பில் இருக்கிறேன். 2010, 2011 வெள்ளத்துக்குப் பிறகு அங்கும் இதே தகராறுதான். அப்போதைய நிவாரண விதிகளில் சபையின் சொந்த ஊழியர்களின் வழக்கமான நேரச் சம்பளத்தை மத்திய அரசிடம் கேட்க முடியாது, கொந்தராத்துக்காரருக்குக் கொடுத்தால் கேட்கலாம். அந்த மண்ணையும் ஆறுகளையும் அறிந்த சொந்தக் குழுவை வைத்து வேலை செய்தால் சபைக்கு நட்டம், வெளியாளை எடுத்தால் பணம். இப்படியே போனால் சொந்தக் குழு கரைந்துபோகும் என்று சபைகள் நீண்ட காலம் வாதாடின. 2018 நவம்பர் 1 முதல் வந்த புதிய ஏற்பாட்டில் அவசர வேலைகளுக்குச் சொந்த ஆட்களின் செலவையும் கேட்க வழி கிடைத்தது. ஆனால் சேதத்துக்கு முன் அந்த வீதி எப்படி இருந்தது என்று படத்தாலோ பராமரிப்புப் பதிவாலோ காட்டவேண்டும். ஆகவே ஐயா சொன்ன மதகுப் படங்கள் காசு மாதிரி.

மலைநாட்டான்:

மிக்க நன்றி. ஒரே ஒரு சந்தேகம். சொந்தக் குழு என்றால் ஆட்களை எங்கே எடுப்பது? இளைஞர்கள் எல்லோரும் கொழும்புக்கு வந்துவிட்டார்கள், நானே அதற்கு ஒரு உதாரணம்.

பழைய டீஓ:

பெக்கோ ஓட்டக் கற்க விரும்பும் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேரைப் பிடியுங்கள், ஆணோ பெண்ணோ. ஹோமாகமவில் கலவிலவத்தையில் கட்டுமான இயந்திரப் பயிற்சி நிலையம் இருக்கிறது, கொழும்பில் உங்கள் அறையில் தங்கிப் படிக்கட்டும். திரும்பிப் போனால் சபையில் நிரந்தர வேலை என்று முன்கூட்டியே தீர்மானம் போட வேண்டும். நிரந்தரமில்லாத அமைய ஊழியராக வருடக்கணக்கில் வைத்திருந்தால் நல்ல ஓட்டுநர் வெளிநாடு போய்விடுவார், என் சபையில் அப்படி மூன்று பேரை இழந்தோம்.

கான் வெட்டவும் கல் அடுக்கவும் தோட்டத்தில் ஓய்வு பெற்றவர்களைவிடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அவர்களில் நான்கைந்து பேரை வைத்து ஒரு வீதிக் குழு, ஆளுக்கு இத்தனை கிலோமீற்றர் என்று பிரித்துக் கொடுங்கள், மண்வெட்டியும் தள்ளுவண்டியும் போதும். புது பெக்கோ வேண்டாம், இருப்பதைத் திருத்துங்கள், கோபி தங்கச்சி சொன்ன வாடகை ஒப்பந்தத்தையும் எழுதுங்கள்.

இன்னொன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினாலே மண்சரிவு எச்சரிக்கை கொடுக்கத் தொடங்கும், 150க்கு மேல் போனால் வெளியேறச் சொல்லும். அந்த 75லேயே இயந்திரத்தைச் சரிவுக்குக் கீழிருந்து எடுத்து, பாதை வெட்டுப்பட்டாலும் ஊர்ப் பக்கத்தில் ஒன்று இருக்கும்படி நிறுத்திவையுங்கள். உங்கள் பக்கம் ஒக்டோபரில் மழை இறங்கும், கான்கள் செப்டெம்பர் முடிவதற்குள் திறந்திருக்க வேண்டும். பதிவேடு கிடைத்தவுடன் இங்கே எழுதுங்கள், உங்கள் மச்சானோடு ஒரு நாள் நடந்து பார்க்க நானே பதுளைக்கு வருகிறேன். கோட்டையிலிருந்து ரயில் ஓடாவிட்டால் பஸ்ஸில் வருவேன்.