கொலோசஸ் போர்க்கப்பல்: மணலில் குத்திட்டு நிற்கும் பீரங்கிகள்

பிரிஸ்டலிலிருந்து:

இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பாலுள்ள சில்லி தீவுகளில், சாம்சன் தீவுக்குத் தெற்கே கிடக்கும், பிரிட்டிஷ் கடற்படையின் ‘எச்எம்எஸ் கொலோசஸ்’ கப்பல் சிதைவில் முக்குளித்த அனுபவத்தை எழுதுகிறேன். சட்டப் பாதுகாப்புக்கு உட்பட்ட இடம் என்பதால் உரிய அனுமதியோடுதான் இறங்கலாம். எதையும் எடுக்கக் கூடாது. ஆழம் ஏறக்குறைய 15 மீட்டர். முக்குளிப்போருக்கென்றே அமைக்கப்பட்ட வழித்தடம் ஒன்று அங்கே இருக்கிறது.

கப்பல் வடிவில் ஏதேனும் தென்படும் என்று எண்ணிச் செல்பவர்கள் ஏமாறுவார்கள். கடற்பாசிக் கொத்துகளுக்கு நடுவே இரும்புப் பீரங்கிகள் வாய்ப்புறம் மணலில் புதைந்து, பின்புறம் மேலே தெரிய, செங்குத்தாக நிற்கின்றன. பின்பகுதி இடப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தபோது, பக்கச் சாளரங்களில் நீட்டிக்கொண்டிருந்த பீரங்கிகள் அப்படியே கடலடியில் குத்திட்டன. அவற்றைத் தாங்கிய மரச்சுவர் இன்றும் மணலுக்கடியில் படுத்திருக்கிறது.

1787-இல் கடலில் இறக்கப்பட்ட இந்த 74 பீரங்கிக் கப்பல், 1797-இல் செயின்ட் வின்சென்ட் முனைப் போரில் கடுமையாக அடிபட்டது. மறு ஆண்டு, நைல் போரில் காயமுற்றோரையும், நேப்பிள்ஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்த சர் வில்லியம் ஹாமில்டன் சேர்த்த பழங்காலக் கிரேக்கச் சாடிகளில் ஒரு பகுதியையும் ஏற்றிக்கொண்டு தாயகம் திரும்பியது. தன் நங்கூரங்களில் ஒன்றை பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் ‘வான்கார்டு’ கப்பலுக்கு அது ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தது. எதிர்க்காற்றுக்கு ஒதுங்கி செயின்ட் மேரிஸ் துறையில் நின்றபோது புயலில் வடம் அறுந்து, 1798 டிசம்பர் 10 அன்று பாறைத் திட்டில் மோதியது. ஒருவர் தவிர அனைவரும் பிழைத்தனர். அந்த நிலையில் அத்தனை பேரைக் கரைசேர்த்தது, என் பார்வையில், சாடிகளைவிடப் பெரிய செய்தி.

டிரெஸ்கோவுக்குச் சென்றுவந்தவர்:

சாடிகளை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டாம். 1974-இல் ரோலண்ட் மோரிஸ் என்பவரின் குழு இந்தச் சிதைவைக் கண்டுபிடித்ததே அவற்றைத் தேடிப் போனதால்தான். ஏறக்குறைய 30,000 சில்லுகள் எடுக்கப்பட்டு பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்தன. ஆனால், தன் சேகரிப்பில் மிகச் சிறந்தவை இந்தக் கப்பலில் ஏற்றப்படவே இல்லை என்பதை ஹாமில்டன் பின்னர் அறிந்துகொண்டார் என்பது வேடிக்கை.

நான் முக்குளிப்பதில்லை. டிரெஸ்கோ தீவின் வல்ஹல்லா காட்சியகத்தில், பின்பகுதியிலிருந்து 2002-இல் மேலே கொண்டுவரப்பட்ட வீரன் உருவச் செதுக்கலைக் கண்டேன். இரு நூற்றாண்டுகள் உப்புநீரில் கிடந்தும் மரத்தில் உளித்தடங்கள் மங்காமல் இருப்பது எப்படி?

பிரிஸ்டலிலிருந்து:

மணல்தான் காரணம். உயிர்வளி புகாத மணலுக்குள், மரத்தைத் துளைத்து அரிக்கும் கப்பல் புழுவால் வாழ முடியாது. மணல் விலகி மரம் வெளிப்பட்டதும் புழு துளைக்கத் தொடங்கிவிடும். அங்கே மணல் மட்டம் தாழ்ந்து வருவதை ஆய்வாளர்கள் அளந்து பதிவு செய்கிறார்கள். செல்ல விரும்புவோர் நீரில் மூழ்காமலும் மிதக்காமலும் நிலையாக நிற்க நன்கு பழகிக்கொண்டு செல்லுங்கள். அடிமட்டத்துக்கு மிக அருகில் காலைப் பலமாக உதைத்தால் மணல் கிளறப்பட்டு மரம் வெளியே வந்துவிடும்.